பொத்தானை அழுத்தியாயிற்று, அப்புறம்?

கேள்வி: ஐயா, என் மகள் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு ஓர் அணுமின் நிலையத்தில் பயிற்சிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். அவளுக்கு ரொம்ப ஆசை. அவள் அம்மாவுக்கோ தூக்கம் போய்விட்டது. நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது என்ன ஆகும் என்கிறாள். நான் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு மாதமாகச் செர்னோபில், ஃபுகுஷிமா என்று படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஆபத்து என்றால் உலை சில விநாடிகளில் தானாக நின்றுவிடும் என்கிறார்கள். ஃபுகுஷிமாவிலும் அப்படித்தான் நின்றதாம். நின்ற உலை எப்படி உருகும்? ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் 'எங்கள் உலை வேறு மாதிரி, இங்கே அப்படி நடக்காது' என்கிறார்கள். அதை எப்படி நம்புவது? மகளை அனுப்பலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத ஒரு தந்தை)

பதில்:

முதலில் உங்கள் மகளுக்கு வாழ்த்து. அப்புறம் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் அணு உலைக் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பொறியாளராகத் தொடங்கி, பாதுகாப்பு ஆய்வுப் பிரிவில் ஓய்வு பெற்றவன். முப்பது வருடத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்ட தொழில் இது. என் பேச்சில் அந்தப் பாசம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வழக்கமாக எனக்கு வரும் கேள்வி, 'உலை அணுகுண்டு மாதிரி வெடிக்குமா?' என்பது. வெடிக்காது. குண்டுக்குச் சுமார் 90 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம், அதாவது எளிதில் பிளவுபடும் வகையின் பங்கை அவ்வளவுக்குக் கூட்டியது, வேண்டும். மின் உலைகளில் இருப்பது பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம். சில வகைகளில் செறிவூட்டாத இயற்கை யுரேனியமே போதும். அந்தக் கேள்வி அத்துடன் முடிந்தது. நீங்கள் கேட்டிருப்பது அதைவிட நல்ல கேள்வி. நின்ற உலை எப்படி உருகும்?

விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எரிகிற விறகை வெளியே இழுத்துவிட்டால் தீ நின்றுவிடும். தணல் நிற்காது, அது பாட்டுக்குக் கனன்றுகொண்டிருக்கும். கட்டுப்பாட்டுக் கோல்கள் உலைக்குள் இறங்கியதும் யுரேனிய அணுக்கள் பிளவுபடுவது நின்றுவிடுகிறது. அது விநாடிக் கணக்கு வேலைதான், பொய்யில்லை. ஆனால் அதுவரை பிளந்த அணுக்களின் துண்டுகள் எரிபொருளுக்குள்ளேயே கிடக்கின்றன. அயோடின், சீசியம், ஸ்ட்ரான்ஷியம் என்று நூற்றுக்கணக்கான வகை. அவை தாமாகவே சிதைந்து வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும். இதற்குச் சிதைவு வெப்பம் என்று பெயர். இதை நிறுத்த எந்தக் கட்டுப்பாட்டு அறையிலும் பொத்தான் கிடையாது.

எவ்வளவு வெப்பம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை உள்ளே சுமார் 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்திய அந்த நொடியில் இதில் 6, 7 சதவீதம் மிச்சமிருக்கும், அதாவது 200 மெகாவாட் போல. ஒரு மணி நேரம் கழித்து ஒன்றரை சதவீதம். ஒரு நாள் கழித்து அரை சதவீதம், 15 மெகாவாட். கேட்பதற்குச் சின்ன எண்தான். அந்த 15 மெகாவாட்டைத் தண்ணீரை ஆவியாக்கியே வெளியேற்ற வேண்டும் என்றால் மணிக்குச் சுமார் 20 டன் தண்ணீர் தேவை. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி மணிக்கு இரண்டு, இரவும் பகலும் வந்துகொண்டே இருக்க வேண்டும். நிறுத்தி ஒரு மணி நேரமே ஆன உலைக்கு அதே கணக்கில் மணிக்கு ஆறு லாரி.

லாரி வரவில்லை என்றால்? இருக்கிற நீர் கொதித்துக் குறையும், எரிபொருள் கோல்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அவற்றின் உறை சிர்க்கோனியம் என்ற உலோகம். 1200 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது நீராவியோடு வேகமாக வினைபுரியும். அதிலிருந்து இன்னும் வெப்பம், கூடவே ஹைட்ரஜன். 2800 டிகிரியை நெருங்கினால் யுரேனிய எரிபொருளே உருகும். ஃபுகுஷிமாவில் கட்டடக் கூரைகள் பறந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அது இந்த ஹைட்ரஜன் வெடித்தது.

ஆக, உலைப் பாதுகாப்பு என்பது முக்கால்வாசி தண்ணீர் சமாச்சாரம். தண்ணீர், அதைத் தள்ளும் பம்ப், பம்புக்கு மின்சாரம். மின்சாரம் தயாரிக்கிற இடத்துக்கே வெளியிலிருந்து மின்சாரம் தேவை என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஜப்பான், 2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. நிலநடுக்கம் வந்ததும் ஃபுகுஷிமா டாயிச்சியில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் ஒழுங்காக நின்றன. வெளி மின்சாரம் போயிற்று. டீசல் ஜெனரேட்டர்கள் கிளம்பின. சுமார் ஐம்பது நிமிடம் எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே நடந்தது. அப்புறம் 14, 15 மீட்டர் உயரத்துக்குக் கடல் வந்தது. நிலையம் இருந்த தரைமட்டமே 10 மீட்டர்தான். பெரும்பாலான ஜெனரேட்டர்கள் தரைக்குக் கீழ்த்தளத்தில் இருந்தன. அவை மூழ்கின. மின்பகிர்வுப் பலகைகள் மூழ்கின. முதல் இரண்டு உலைகளில் பேட்டரியும் போனது. இருட்டான கட்டுப்பாட்டு அறையில், உலைக்குள் நீர்மட்டம் எவ்வளவு என்று பார்ப்பதற்காக ஊழியர்கள் கார் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து அளவுமானிகளுக்கு இணைத்தார்கள். பக்கத்திலிருந்த ஐந்தாம், ஆறாம் உலைகள் தப்பித்ததற்குக் காரணம், காற்றால் குளிரூட்டப்படும் ஒரே ஒரு டீசல் ஜெனரேட்டர் நனையாமல் ஓடியது. ஒன்றே ஒன்று.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது என்று அடுக்கடுக்காக வைத்துவிட்டு, ஒவ்வொன்றும் பழுதாகும் வாய்ப்பைப் பெருக்கி, பேரழிவு இத்தனை ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறைதான் என்று ஓர் எண் சொல்வோம். நானும் அப்படிப்பட்ட அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டவன்தான். ஒரே சாவியில் திறக்கிற ஐந்து பூட்டுகளைத் தொங்கவிட்டால் அது ஐந்து பூட்டாகாது என்பதை அந்தப் பெருக்கல் எளிதில் மறந்துவிடும். ஃபுகுஷிமாவில் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி, கடல்நீர். நீங்கள் எங்காவது அப்படி ஓர் எண்ணைப் படித்தால், எத்தனை பூட்டு என்று கேட்காதீர்கள். எத்தனை சாவி என்று கேளுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 'எங்கள் உலை வேறு மாதிரி.'

இந்தப் பேச்சு பாதி உண்மை. அதனால்தான் அது ஆபத்தானது. செர்னோபிலின் வடிவமைப்பு உண்மையிலேயே வேறு. அங்கே பொத்தானே வினையாகிவிட்டது. 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23க்கு, ஒரு டர்பைன் சோதனையின் முடிவில், அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினார்கள். மேலே இழுக்கப்பட்டிருந்த கோல்கள் இறங்க ஆரம்பித்தன. அந்தக் கோல்களின் கீழே கிராஃபைட் பகுதி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அது கீழே இறங்கும்போது அங்கிருந்த நீரைத் தள்ளிவிட்டது. அந்த வகை உலையில் நீர், அணுக்களைப் பிளக்கும் நியூட்ரான் துகள்களை விழுங்கி வினையைக் குறைக்கும். கிராஃபைட் வினையை ஊக்குவிக்கும். ஆகவே நிறுத்த வந்த கோல், முதல் சில விநாடிகளுக்கு உலையின் அடிப்பகுதியில் வினையைக் கூட்டியது. வேறொரு நாளாக இருந்திருந்தால் சமாளித்திருக்கும். அன்று உலை மிகக் குறைந்த ஆற்றலில், ஏறத்தாழ எல்லாக் கோல்களும் வெளியே இழுக்கப்பட்ட நிலையில் இருந்தது. சில விநாடிகளில் வெடித்தது. சுற்றிலும் அழுத்தம் தாங்கும் காப்புக் கட்டடமும் முழுமையாக இல்லை.

இதே வினோதம் 1983இலேயே லிதுவேனியாவின் இக்னாலினா உலையில், தொடக்கச் சோதனைகளின்போது தெரியவந்திருந்தது. வடிவமைப்பாளர்களுக்குத் தெரியும். திருத்தம் செய்வதாகவும் பேச்சு இருந்தது. திருத்தம் வரவில்லை. அன்றிரவு பொத்தானை அழுத்தியவர்களுக்கு, அது இப்படியும் வேலை செய்யும் என்று யாரும் புரியவைத்திருக்கவில்லை. விபத்து நடந்த வருடம் வந்த சர்வதேச அறிக்கை பெரும்பாலும் ஊழியர்களையே குற்றம் சொன்னது. 1992இல் அதே குழு அதைத் திருத்தி எழுதியபோது, வடிவமைப்பின் குறைகளுக்கு உரிய இடம் கிடைத்தது. இடையில் ஆறு வருடம், இறந்துபோனவர்கள் தலையிலேயே பழி இருந்தது.

அடுத்து அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட், 1979 மார்ச் 28. இது முற்றிலும் வேறு வகை உலை, நல்ல காப்புக் கட்டடம் உள்ளது. ஓர் அழுத்த நிவாரண வால்வு திறந்து, மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த விளக்கு, வால்வுக்கு 'மூடு' என்ற உத்தரவு போய்விட்டது என்பதைத்தான் காட்டியது. வால்வு மூடியதா என்று காட்டவில்லை. விளக்கைப் பார்த்தவர்கள் மூடிவிட்டது என்றே நினைத்தார்கள். உலையிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒரு மானியில் மட்டம் ஏறுவது போலத் தெரிந்ததால், தானாக ஓட ஆரம்பித்திருந்த அவசர நீர்ப் பாய்ச்சலைக் கையால் குறைத்தார்கள். வால்வு விஷயம் பிடிபட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகும் பாதையில் போய்விட்டது.

அவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் இளைஞனாக இருந்தபோது, பயிற்சிக்கான மாதிரிக் கட்டுப்பாட்டு அறையில் எங்கள் பயிற்சியாளர் இதே நிகழ்வை முன்னறிவிப்பில்லாமல் ஓடவிட்டார். த்ரீ மைல் ஐலண்ட் கதையை நான் அதற்கு முன்பு எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். மட்டம் ஏறுவதைப் பார்த்ததும் என் கை நேராகப் பம்பைக் குறைக்கத்தான் போனது. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து என்றார்.

இதற்கும் ஒரு முன்னோட்டம் உண்டு. 1977 செப்டம்பரில், ஒஹாயோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி என்ற நிலையத்தில், அதே நிறுவனம் வடிவமைத்த உலையில், அதே வகை வால்வு அதேபோலச் சிக்கியது. அங்கேயும் நீர்ப் பாய்ச்சலைக் குறைத்தார்கள். நல்லவேளையாக உலை 9 சதவீத ஆற்றலில்தான் ஓடிக்கொண்டிருந்தது, இருபது நிமிடத்தில் கண்டுபிடித்தும்விட்டார்கள். வடிவமைத்த நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பொறியாளர், இது முழு ஆற்றலில் நடந்தால் நீர் குறைந்து உலை மையம் வெளியே தெரிந்துவிடும், ஊழியர்களுக்கு உடனே அறிவுறுத்துங்கள் என்று 1978 பிப்ரவரியில் எழுதினார். அந்தக் குறிப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது. த்ரீ மைல் ஐலண்ட் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரவில்லை. பதின்மூன்று மாதம் கழித்து விபத்து.

ஃபுகுஷிமாவுக்கும் அப்படித்தான். 1999 டிசம்பர் 27 இரவு, பிரான்சில் பிளேயே நிலையத்தில் புயலால் கழிமுக நீர் கரையைத் தாண்டி உள்ளே வந்து, கீழ்த்தளத்துப் பம்புகளை மூழ்கடித்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கம் நிலையத்தின் கடல்நீர்ப் பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். 2008இல் ஃபுகுஷிமாவை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் சொந்தக் கணக்கீடே, 15.7 மீட்டர் வரை அலை வரலாம் என்று சொன்னது. மேலும் ஆராய வேண்டும் என்று அது ஒதுக்கிவைக்கப்பட்டது.

மூன்று உலைகளும் மூன்று மாதிரி, காரணங்களும் வேறு வேறு. ஆனால் மூன்றுக்கும் ஒத்திகை வேறெங்கோ நடந்து முடிந்திருந்தது. பார்த்தவர் சொன்னார், கேட்க வேண்டியவர் காதுக்குப் போகவில்லை, அல்லது போயும் பயனில்லை. ஆகவே 'எங்கள் உலை வேறு மாதிரி' என்று ஒருவர் சொன்னால், 'சரி, உங்களுக்கான ஒத்திகை எங்கே நடந்தது? அதைப் பற்றி என்ன செய்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் தேதியும் மாற்றிய பொருளும் வந்தால் நல்ல நிலையம். பதிலில் பெருமிதம் மட்டும் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

நன்றாக நடந்த உதாரணமும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் மனைவி இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவார். ஜப்பானிலேயே இருக்கும் ஒனகாவா அணுமின் நிலையம், ஃபுகுஷிமாவைவிட அந்த 2011 நிலநடுக்கத்தின் மையத்துக்குக் கிட்ட இருந்தது. அங்கே சுமார் 13 மீட்டர் அலை வந்தது. நிலையம் 14.8 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. நிலம் ஒரு மீட்டர் போல அமிழ்ந்தும் தப்பித்தது. அந்த உயரம் தானாக வந்ததில்லை. யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர், 869ஆம் வருடம் வந்த ஜோகன் பேரலையை நினைவில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்டபோதும் விடாப்பிடியாக நின்றார். 1986இல் அவர் காலமானார். பேரலை வந்தது இருபத்தைந்து வருடம் கழித்து. அப்போது சுற்றுவட்டாரத்தில் வீடிழந்த மக்கள் தங்கியது அந்த நிலையத்தின் வளாகத்தில்தான். ஃபுகுஷிமாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே முதலில் 35 மீட்டர் மேடு இருந்தது. கட்டுமான வசதிக்கும் கடல்நீரை மேலேற்றும் செலவுக்கும் பார்த்து, அதை 10 மீட்டராக வெட்டி இறக்கினார்கள்.

டேவிஸ்-பெஸ்ஸி திருந்தியதா என்று கேட்பீர்கள். 2002இல் அதே நிலையத்தில், உலைக் கலத்தின் எஃகு மூடியில், குளிரூட்டும் நீரில் கலந்திருக்கும் போரிக் அமிலம் கசிந்து கசிந்து பெரிய குழியே அரித்திருந்தது தெரியவந்தது. கனத்த எஃகு முழுக்கப் போய், அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள துருப்பிடிக்காத உட்பூச்சு. காற்று வடிகட்டிகள் துருவால் அடைபடுவதை அதற்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். வடிகட்டிகளை அடிக்கடி மாற்றினார்களே தவிர, துரு எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்கவில்லை. நான் புதியவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது செர்னோபிலைவிட இதைத்தான் அதிக நேரம் சொல்வேன். செர்னோபில் மாதிரி இரவு ஒருவர் வாழ்க்கையில் வராமலே போகலாம். வடிகட்டி அடைபடுவது வாரத்துக்கு ஒருமுறை வரும்.

மக்களுக்கு நேர்ந்த பாதிப்பைப் பற்றியும் படித்திருப்பீர்கள். எண்கள் தாறுமாறாக இருக்கும். செர்னோபிலில் தீவிரக் கதிர்வீச்சு நோயால் அந்த வருடமே 28 பேர் இறந்தார்கள், நிலைய ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களும். சுற்றுப்பகுதிகளில் சிறுவயதில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடம் 2005 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின. பெரும்பாலானவர்கள் சிகிச்சையில் பிழைத்தார்கள். அதில் பெரும்பங்கு பால் வழியாக உடலுக்குள் போன அயோடினால் வந்தது. அந்த அயோடினின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், எட்டே நாள். சில வாரம் குழந்தைகளுக்கு அந்தப் பாலைக் கொடுக்காதீர்கள் என்று உடனே சொல்லியிருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. நீண்ட கால மரணங்கள் எத்தனை என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு உண்டு. ஒரே எண்ணை உறுதியாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள், அவர் எந்தப் பக்கமாக இருந்தாலும். ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சைவிட வெளியேற்றமே அதிக உயிர்களைக் குடித்தது. மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் அவசரமாக நகர்த்தப்பட்டவர்கள், இடம்பெயர்ந்த வாழ்க்கையில் நொடிந்தவர்கள் என்று அந்த மாகாணத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் பேரிடர் தொடர்பானவை எனப் பதிவாகியுள்ளன.

இனி உங்கள் வீட்டம்மாவின் கவலை. இயல்பாக ஓடும் நிலையத்தில் வேலை செய்பவர் வாங்கும் கதிர்வீச்சு அளக்கப்படுகிறது. சட்டையில் மாட்டும் பட்டை ஒவ்வொருவருக்கும் தனித்தனி. சர்வதேசப் பரிந்துரைப்படி ஊழியருக்கான வரம்பு, ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிசீவர்ட் எப்படியும் வந்துகொண்டிருக்கிறது. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சிடி ஸ்கேனில் 5 முதல் 10 வரை போகும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்பவருக்கு அந்த 20இல் சிறு பகுதிகூட வராது. உலை நிறுத்தத்தின்போது பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம். கருவுற்றதை ஒரு பெண் ஊழியர் தெரிவித்ததும், மீதிக் கர்ப்ப காலத்துக்கு வயிற்றிலிருக்கும் குழந்தைக்கான வரம்பு சுமார் 1 மில்லிசீவர்ட். நடைமுறையில் கதிர்வீச்சுப் பகுதியிலிருந்து வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். சீக்கிரம் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் முக்கியம். இதனால் பதவி உயர்வு பாதிக்குமா என்பதை உங்கள் மகள் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். மருத்துவக் கவலையைவிட அதுதான் பெண் பொறியாளர்களை அதிகம் படுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

அனுப்பலாமா? என் மகளாக இருந்தால் அனுப்புவேன். ஆனால் சேருவதற்கு முன்போ, சேர்ந்த முதல் மாதத்திலோ ஒரு விஷயத்தை விசாரிக்கச் சொல்வேன். அங்கே கடைசியாக எப்போது ஒரு ஷிப்ட் பொறியாளர் வெறும் சந்தேகத்தின் பேரில் உலையை நிறுத்தினார்? பிறகு அவருக்கு என்ன ஆயிற்று?

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இது நடந்தது. ஒரு மூத்தவர், பம்பில் ஏதோ வழக்கமில்லாத சத்தம் கேட்கிறது என்று நள்ளிரவில் உலையை நிறுத்திவிட்டார். பிரித்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இரண்டு நாள் மின்சாரம் போச்சு. மூன்றாம் நாள் அவருக்கு விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வந்தது. கண்ணியமான காகிதம்தான், தண்டனை ஏதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மூன்று வருடம், நான் உட்பட எங்களில் யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பிறகு வந்த தலைமைப் பொறியாளர் அந்த மூத்தவரைப் புதியவர்களின் பயிற்சி வகுப்புக்கு அழைத்து, அன்றிரவு என்ன கேட்டது, ஏன் நிறுத்தினேன் என்று பேசச் சொன்னார். அந்த வாரமே மூன்று சின்னப் பழுதுகள் பதிவேட்டில் ஏறின. மூன்றும் பல மாதமாக இருந்தவை.

உங்கள் மகளுக்கு அந்தக் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது என்று, முடிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.